துணியில் ஒட்டாத மஞ்சள்

என் ரத்தத்தைப் பற்றி எனக்கு ஒரு காலத்தில் பெருமை அதிகம். கமலையில் தண்ணீர் இறைத்துக் கம்பு தின்று வளர்ந்த உடம்பு. காய்ச்சல் என்று ஒரு நாள் பாயில் படுத்தவனில்லை. அந்தப் பெருமைதான் என் மனைவியின் உயிரைக் குடிக்கப் பார்த்தது. அவளைக் காப்பாற்றியவர் ஒரு நர்சம்மா. அந்த அம்மாளை நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. ஆனாலும் அதையும் சேர்த்து எழுதினால்தான் நன்றி சொன்னதாக ஆகும்.

உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். எங்கள் ஊர் கீழப்பழுவூருக்குப் பக்கம். என் மனைவிக்கு அது மூன்றாவது பிரசவம். மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது. இரண்டாவது பிள்ளை பிறந்த அன்றே மஞ்சள் பூத்து மூன்றாம் நாள் போய்விட்டது. அந்தச் சாவுக்குப் பெரம்பலூரிலிருந்து வந்த என் மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், பந்தலில் நாலு பேர் நடுவே ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"எந்தங்கச்சி ஒடம்புல ஒரு கோளாறும் கெடையாது. இந்த வூட்டுலதான் என்னமோ அவளுக்கு ஆவல."

எனக்குக் கேட்கவா வேண்டும்? கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருப்பவன் நான். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டேன். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாவது பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. நானும் அனுப்பவில்லை.

மூன்றாவது பிள்ளை பிறக்கும்போதே உயிர் இல்லை. பிள்ளையை நினைத்து அழக்கூட நேரமில்லாமல் தாய்க்கு உதிரம் போக ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. விதவையாகி எங்களோடு இருந்த என் அக்கா, பழந்துணியைச் சுருட்டிச் சுருட்டிக் கொடுத்துவிட்டுக் கடைசியில், "தம்பி, இது நம்ம கைல இல்லடா, வண்டியப் பூட்டு" என்றாள். விடியும்போது பூட்டிய வண்டி. வெயில் ஏறும்போது அரியலூர் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு டாக்டர், வாடகை வீட்டில் எட்டுக் கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்திவந்தார். ஒரே ஒரு நர்சம்மா. நடுத்தர வயது, வெள்ளைச் சேலை, அதிகம் பேசாத வாய். இரண்டு பேருமாகச் சேர்ந்து உதிரப்போக்கை நிறுத்திவிட்டார்கள். ஆனால் என் மனைவி கழுவிப் போட்ட துணி மாதிரி கிடந்தாள். உதடு எது, முகம் எது என்று தெரியவில்லை.

"ரத்தம் ஏத்தணும். சொந்தக்காரங்க யாராவது குடுப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

ஒரு ஆளின் ரத்தத்தை இன்னொரு ஆளுக்கு ஏற்றுவதை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. யுத்தத்தில் சிப்பாய்களுக்கு அப்படி ஏற்றிப் பிழைக்க வைத்ததாக அவர் விளக்கினார். அக்கா வாயில் துணியை வைத்துக்கொண்டாள். நான் சட்டைக் கையை மடக்கிவிட்டேன். டாக்டர் என் விரலில் குத்தி, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஏதோ மருந்தோடு கலந்து பார்த்தார். அவளுடைய ரத்தத்தையும் பார்த்தார். இரண்டையும் சேர்த்தும் கலந்து பார்த்தார். "ஒரே வகை. சேருது" என்றார். எனக்கு வந்த பெருமையை என்ன சொல்ல! சேராமல் இருக்குமா, தாலி கட்டியவன் ரத்தமாயிற்றே என்று அக்காவிடம் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

என் கையிலிருந்து எடுத்த பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ரப்பர் குழாய் வழியாக அவள் கைக்குள் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சித்திரை மத்தியானம், பல் கிட்டிக்கொண்டது. இரண்டு கம்பளி போர்த்தினோம். டாக்டர் வந்து நாடி பார்த்தார். குழாயில் ஏதாவது அழுக்கு இருந்தாலும் இப்படிக் குளிர் வருவதுண்டு என்று சொல்லி வேகத்தைக் குறைத்தார். நர்சம்மா கம்பளியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அவள் என்னைப் பார்த்து, "முதுவு வலிக்குதுங்க" என்றாள். "நாள் முழுக்கப் படுத்தே கெடந்தா வலிக்காதா? பேசாம இரு" என்றேன். பேசாமல்தான் இருந்தாள். பாட்டில் முழுவதும் இறங்கியது.

மறுநாள் டாக்டர் திருமானூர்ப் பக்கம் ஒரு கஷ்டப் பிரசவத்துக்குப் போய்விட்டார். நர்சம்மா மற்ற ஏழு கட்டிலையும் ஒற்றை ஆளாகப் பார்த்தார். எங்கள் கட்டில் அக்காவின் ஆட்சி. பச்சை உடம்பு என்று சொல்லி விடியற்காலையில் வெந்நீரில் துணி நனைத்து அவளைத் துடைத்தாள். முகத்திலும் கை காலிலும் மஞ்சள் அரைத்துப் பூசினாள். சுமங்கலி வெளுத்துப்போய்க் கிடக்கக் கூடாதாம். போதாததற்கு, வெளிச்சாப்பாடு எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தும், சுக்கும் மிளகும் திப்பிலியும் கருப்பட்டியும் சேர்த்து இடித்த பிள்ளை பெற்ற மருந்தை மடியில் முடிந்து கொண்டுவந்து நெல்லிக்காய் அளவு உருட்டி அவள் வாயில் போட்டுவிட்டாள். எனக்குத் தெரியும். நான் தடுக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் கொடுப்பதுதானே.

எனக்குத் தெரியாதது ஒன்று நடந்தது. அன்றைக்கு அவளுக்குச் சிறுநீர் கறுத்துப் போயிற்று. தான் ஒளித்துக் கொடுத்த மருந்தால்தான் அப்படி ஆயிற்று என்று அக்கா நினைத்துவிட்டாள். டாக்டருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ, தம்பி என்ன குதி குதிப்பானோ என்று யாரும் பார்ப்பதற்குள் தானே பீங்கான் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடிக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். நாள் முழுக்க அதையே செய்திருக்கிறாள். 'அக்கா எவ்வளவு பொறுப்பாகப் பார்க்கிறாள்' என்று நான் பக்கத்துக் கட்டில்காரரிடம் மெச்சிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வந்தார். என் மனைவி கண்ணைத் திறக்கவே கஷ்டப்பட்டாள். ஏற்றிய ரத்தமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியாத மாதிரி முன்னைவிடச் சோர்ந்திருந்தாள். நாடி பார்த்துவிட்டு, "இன்னொரு பாட்டில் போடலாம். நேத்திக்கு முந்தின நாள் சேர்ந்த ரத்தம்தானே" என்று டாக்டர் உள்ளே ஊசி கொதிக்க வைக்கப் போனார். நான் மறுபடியும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு பெஞ்சில் படுத்தேன்.

நர்சம்மா அவள் கையைத் துடைக்க வந்தவர், ஏனோ முகத்தையும் துடைத்தார். துணியில் மஞ்சள் வந்தது. சோப்புப் போட்டு இரண்டாம் தரம் துடைத்தார். லேசாக வந்தது. மூன்றாம் தரம் துணி வெள்ளையாகவே வந்தது. முகம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளுடைய இமையை விரலால் தூக்கி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். கண்ணின் வெள்ளையில் பூசணிப் பூ நிறம்.

"இது பூசின மஞ்சள் இல்ல" என்றார் அக்காவிடம். "ஒண்ணுக்கு என்ன நெறத்துல போவுது?"

"எப்பவும் போலத்தாம்மா" என்றாள் அக்கா. பார்வை தரையில் இருந்தது.

நர்சம்மா என் பக்கம் திரும்பி, "ஐயா, எந்திரிங்க. இப்ப ரத்தம் எடுக்க வேணாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "நிறுத்தச் சொல்ல நீ யாரு? டாக்டரு நீயா, அவரா? எம்பொண்டாட்டி செத்தா நீ வந்து பதில் சொல்லுவியா?" என்று எட்டுக் கட்டிலும் கேட்கக் கத்தினேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. அந்த அம்மாள் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. நான் படுத்திருந்த பெஞ்சுக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார்.

"சட்டிய நான் பாக்காம ஊசி ஏறாது" என்றார்.

அப்போதுதான் அக்கா பொலபொலவென்று அழுதாள். மடியிலிருந்த மருந்து முடிச்சை அவிழ்த்துத் தரையில் வைத்தாள். "நாந்தாம்மா குடுத்தேன். கருப்பட்டிக் காப்பி மாரி போவுது. நேத்திலேருந்து அப்புடித்தான். நான் ஊத்திட்டேன். எந்தம்பி பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன்."

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். நர்சம்மா மூன்றே வாக்கியத்தில் சொன்னார்: கண்ணில் மஞ்சள், சிறுநீர் கறுப்பு, ரத்தம் ஏறிய அன்று குளிரும் முதுகுவலியும். டாக்டர் அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவளுடைய ரத்தம் கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் நிறுத்தினார். என்னுடையதையும் பக்கத்தில் வைத்தார். ரத்தம் உறைந்து கீழே தங்க, மேலே தண்ணீர் மாதிரி ஒன்று தெளிந்தது. என்னுடையது உருக்கிய நெய் நிறத்தில் இருந்தது. அவளுடையது சிவப்பும் பழுப்புமாக, பார்க்கவே பயமாக இருந்தது.

"ஏத்தின ரத்தம் உள்ள ஒடைஞ்சுபோவுது. அந்தச் சாயந்தான் இது. அதுதான் கண்ணுலயும் நிக்குது, சிறுநீர்லயும் போவுது" என்றார். அவளுடைய ரத்தத்தின் மேலே தெளிந்த அந்த நீரில் என் ரத்தத்தைத் துளி கலந்து, இந்தத் தடவை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய தண்ணீரில் அந்தக் குழாயை வைத்துக் காத்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். திரிந்த பால் மாதிரி என் ரத்தம் குருணை குருணையாகக் கட்டியிருந்தது.

"தட்டுல பாத்தப்ப இது தெரியல. குளிர் வந்தப்பவே நான் நிறுத்தியிருக்கணும். அது என் தப்பு" என்று டாக்டர் என்னிடம் நேராகச் சொன்னார். பெரிய படிப்புப் படித்த ஒருவர் என்னைப் போன்றவனிடம் அப்படிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அக்காவைப் பார்த்து, "உங்க மருந்தால இல்லம்மா. ஆனா ஒளிக்காம இருந்திருந்தா நேத்திக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு முந்தின பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். இரண்டாவது பிள்ளை மஞ்சள் பூத்துப் போனதைச் சொன்னதும் தலையை ஆட்டினார். தகப்பன் ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று பிள்ளைக்கும் வருகிறது. தாயின் உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. பிள்ளைக்குப் பிள்ளை அந்தப் பகை வளர்கிறது. இப்படி வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருப்பதாகச் சொன்னார். "யார் மேலயும் குத்தமில்ல" என்றார்.

குத்தமில்லைதான். ஆனால் பந்தலில் மைத்துனர் சொன்ன வார்த்தை என் காதில் மறுபடியும் விழுந்தது.

வேறு ஆள் ரத்தம் ஏற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் முதலில் கையை நீட்டியவர் யார் தெரியுமா? நான் கத்தித் தீர்த்த அதே நர்சம்மா. அவர் ரத்தத்தையும் அக்கா ரத்தத்தையும் டாக்டர் சோதித்தார். இரண்டும் என்னுடையதைப் போலவே குருணை கட்டின. "கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தேன். "பெரம்பலூர்ல இருக்காரு. நானே போறேன்" என்றேன். ஆள் அனுப்பியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

அந்த நாளில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் அடுப்பு மாதிரி ஒரு உருளை. அதற்குக் காற்று ஊதி ஊதித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். மேடு வந்தால் நாங்கள் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளிய ஒவ்வொரு மேட்டிலும், உடைந்த ரத்தத்தின் சாயம் அடைத்து அவள் சிறுநீர் நின்றுவிட்டால் பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று புறப்படும்போது டாக்டர் சொன்னதுதான் எனக்குள் ஓடியது. டிரைவரை மனத்துக்குள் நான் திட்டிய திட்டுக்கு அந்த பஸ் பறந்திருக்க வேண்டும்.

மைத்துனர் வாசலில் மாட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிற்று. வா என்று சொல்லவில்லை. வழி நெடுக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு எனக்கு ஒன்றும் வரவில்லை.

"மச்சான், எங்க வூடு அவளுக்கு ஆவலன்னு நீங்க சொன்னது நெசமாப் போச்சு. எம்ரத்தம் அவளக் கொல்லுது. ஒங்க ரத்தம் வேணும்" என்றேன். நடுத்தெருவில் நின்று அழுதேன்.

அவர் கையிலிருந்த தழையைப் போட்டார். கையைக் கழுவினார். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் வழியில் ஒரு மேட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பஸ்ஸைத் தள்ளினோம். அப்போதுதான், "ரத்தம் எடுத்தா ஆளு செத்துருவானா மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார். "நான் செத்தா போயிட்டேன்?" என்றேன். "ஒன்னைய எதுக்கு எமன் கூப்புடுவான், சண்ட போடுவியே" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது.

ஆஸ்பத்திரிப் படியேறும்போதே, "போச்சா?" என்று கத்திக் கேட்டேன். ஒரு ஆண்பிள்ளை, மனைவிக்குச் சிறுநீர் போயிற்றா என்று தெருவெல்லாம் கேட்கக் கேட்டது அரியலூரில் நான் ஒருவனாகத்தான் இருக்கும். "கொஞ்சம் போவுது" என்றார் நர்சம்மா. மணிக்கொரு தரம் சோடா உப்புக் கரைத்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டியபடி கட்டிலை விட்டு நகராமல் இருந்திருக்கிறார். அளவுக் கோடு போட்ட கண்ணாடிச் சாடியில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் கால்வாசி இருந்தது.

மைத்துனர் ரத்தம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் இருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தக் குழாயைச் சுற்றி நின்றோம். டாக்டர் எடுத்துச் சாய்த்தார். குருணை இல்லை. எண்ணெய் மாதிரி வழவழவென்று ஓடிற்று. மைத்துனர் பெஞ்சில் படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார்.

இந்தத் தடவை சொட்டுச் சொட்டாகத்தான் விட்டார்கள். நர்சம்மா கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "குளிருதா? முதுகு வலிக்குதா? கை எரியுதா?" ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அதே மூன்று கேள்வி. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை இல்லை என்று ஆட்டினாள். அந்தக் கேள்விகளை முதல் நாள் நானே கேட்டிருக்க வேண்டியவன் என்று நினைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலைந்து நாளில் சிறுநீர் தெளிந்தது. ஒரு காலையில் நர்சம்மா சாடியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, "ஐயா, வந்து பாருங்க" என்றார். வைக்கோல் நிறம். கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல் நான் கைகூப்பிவிட்டேன். அப்படியே அந்த அம்மாளையும் கும்பிட்டு, "அன்னிக்குப் பேசினத மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றேன். "பொண்டாட்டிக்காகத்தானே கத்துனீங்க" என்று சொல்லிவிட்டுச் சாடியைக் கழுவப் போய்விட்டார். அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

புறப்படும் அன்று டாக்டர் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். இவளுக்கு எப்போது ரத்தம் ஏற்றினாலும் கணவன் ரத்தம் கூடாது என்று அதில் இருந்தது. கல்யாணப் புடவைப் பெட்டியில் அதை வைத்தோம். மைத்துனர் அதற்குப் பிறகு பொங்கல் சீர் கொண்டு வரும்போதெல்லாம், "எம்ரத்தம் எப்புடி இருக்கு?" என்றுதான் படியேறுவார். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

புறப்பட்ட அன்று வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்து ஊருக்குத் திரும்பினோம். அக்கா முன்னால் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டு வந்தாள். ஊர் எல்லை வரும்போது நான் என் மனைவியிடம் கேட்டேன்.

"மொத பாட்டில் ஏறுறப்பவே கை எரிஞ்சுதா?"

"நெருப்பா எரிஞ்சுது" என்றாள்.

"அடிப்பாவி, ஏன் சொல்லல?"

"ஒங்க ரத்தம்னு சொன்னாங்க. எல்லாருக்கும் முன்னாடி அது எரியுதுன்னு எப்புடிங்க சொல்றது? ஒங்களுக்கு அவமானமா இருக்காதா?"

நர்சம்மா துணியைத் திருப்பிப் பார்க்காமல் விட்டிருந்தால், என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே இவள் செத்திருப்பாள். எனக்கும் கடைசிவரை தெரிந்திருக்காது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிற்று. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"முதுவு வலிக்குதா?"

"இல்லீங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லேசா வலிக்குது" என்றாள்.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அவள் முதுகுக்குக் கீழே வைக்கோலை உதறிப் பரப்பினேன்.